குதிகால் ரத்த கார்டு ரிஜெக்ட் ஆகி திரும்பி வருதா? எங்க கோளாறுன்னு ஒவ்வொண்ணா பாத்துடலாம்

பிறவியிலயே வர்ற சில வியாதியை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஸ்க்ரீனிங் டெஸ்ட்டுக்காக, பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி ஃபில்டர் பேப்பர் கார்டுல ரத்தம் எடுத்து அனுப்புறோம்ல, அந்த கார்டு "சாம்பிள் சரியில்ல, திரும்ப எடுங்க"ன்னு வந்தா வார்டுல உடனே ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு "குழந்தைக்கு ரத்தமே வரலங்க", இன்னொண்ணு "லேப்காரங்க ரொம்ப நோண்டுறாங்க". திரும்பி வந்த கார்டை வெளிச்சத்துல திருப்பி பாத்தீங்கன்னா பெரும்பாலும் ரெண்டுமே இல்ல, குத்துறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செய்ய வேண்டியதை விட்டிருப்போம், இல்லன்னா எடுத்து முடிச்ச அவசரத்துல காய வைக்கிறதுல சொதப்பியிருப்போம்.

அதனால தியரி எல்லாம் விட்டுட்டு என்ன சிம்ப்டம் தெரியுதோ அந்த ஹெட்டிங்குக்கு நேரா போங்க. ஈசியா சரி பண்ணக்கூடியது முதல்ல, காஸ்ட்லியானது கடைசில. காஸ்ட்லின்னு நான் சொல்றது பணத்தை இல்ல, குழந்தைக்கு இன்னொரு குத்து, அப்புறம் ட்ரீட்மென்ட்ல வீணா போற நாள்.

ஒண்ணு மட்டும் எல்லாத்துக்கும் முன்னாடி. குழந்தை பால் குடிக்கல, வாந்தி எடுத்துட்டே இருக்கு, எழுப்பினாலும் எழுந்திரிக்காம துவண்டு கிடக்கு, ஃபிட்ஸ் மாதிரி வருதுன்னா கார்டு கதையே வேண்டாம், டாக்டரை கூப்பிடுங்க. ஸ்க்ரீனிங்ல தேடுற சில வியாதி ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே குழந்தையை சாய்ச்சுடும்.

## ரத்தமே வரல, ரெண்டு சொட்டுல நின்னுடுது

முதல்ல காலைத் தொட்டு பாருங்க. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும், கால் ஜில்லுனு இருக்கும். சாக்ஸ் போட்டு, துணியில சுத்தி, அம்மா மேல தோலோட தோலா படுக்க வச்சு பால் குடுக்க சொல்லுங்க, கால் தன்னால சூடாகும், குழந்தைக்கு வலியும் கம்மியா தெரியும். உங்க புரோட்டோகால்ல சூடு வைக்கலாம்னு இருந்தா வெதுவெதுப்பான துணி 3 முதல் 5 நிமிஷம், 42 டிகிரி செல்சியஸை தாண்டவே கூடாது. டேப்ல வர்ற சுடுதண்ணியை க்ளவுஸ்ல பிடிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, அந்த சூட்டை யாரும் அளந்து பாக்குறதில்ல.

அடுத்து குழந்தை எப்படி இருக்குன்னு பாருங்க. தொட்டில்ல படுக்க வச்சு காலை மேல தூக்கி பிடிச்சா ரத்தம் எப்படி வரும்? கால் இதயத்தை விட கீழ தொங்கணும். அம்மா தோள்ல சாய்ச்சு பிடிச்சுட்டாலே போதும்.

அப்புறம் குத்துற கருவி. கையால குத்துற பழைய ஊசி லேன்செட் எவ்ளோ ஆழம் போகுதுன்னே தெரியாது, வலியும் ஜாஸ்தி. குழந்தைக்குன்னே வர்ற ஆட்டோமேட்டிக் லேன்செட் சின்னதா கீறி விட்டு தானா உள்ள போயிடும், ரத்தமும் நல்லா வரும். ஆழம் 2 மி.மீ. தாண்டக்கூடாது, குறைமாசக் குழந்தைக்கு அதை விட கம்மி, அதுக்குன்னு தனி சைஸே இருக்கு. பெரிய சைஸ் தீர்ந்துடுச்சுன்னு நிறைமாசக் குழந்தைக்கு சின்ன சைஸை எடுத்துட்டு வந்தாலும் ரெண்டு சொட்டுல நின்னுடும், அதையும் செக் பண்ணுங்க.

இடம். பெருவிரல் நடுவுல இருந்து குதிகாலுக்கு ஒரு கோடு, நாலாவது அஞ்சாவது விரலுக்கு நடுவுல இருந்து இன்னொரு கோடுன்னு மனசுல போட்டுக்கோங்க, அந்த ரெண்டு கோட்டுக்கும் வெளிப்பக்கம் பாதத்தோட அடிப்பகுதி ஓரம், அவ்ளோதான் நமக்கு அனுமதி. நடுக் குதிகால்ல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கு, பின்பக்க வளைவுல எலும்பு தோலுக்கு கிட்டவே இருக்கு, அங்க குத்தினா எலும்புல இன்ஃபெக்‌ஷன் ஏற வாய்ப்பு இருக்கு. ஏற்கனவே குத்தின இடத்துலயோ வீங்கின இடத்துலயோ வேண்டாம்.

இவ்ளோ பண்ணியும் வரலன்னா பிழியாதீங்க, தயவுசெஞ்சு. மெதுவா அமுக்கி விட்டு, விட்டு, மறுபடி ரத்தம் நிரம்ப டைம் குடுத்து அமுக்கணும். காலை நெரிச்சு பிழிஞ்சா ரத்தத்தோட திசு நீரும் கலந்து வரும், ரத்த அணுவும் உடையும், கார்டு நிரம்பின மாதிரி தெரியும் ஆனா அடுத்த ஹெட்டிங்ல சொல்ற வளையத்தோட திரும்பி வந்துடும்.

மறு கால்ல புது லேன்செட்டோட இன்னொரு தடவை. அதுவும் சரியா வரலன்னா நிறுத்திட்டு சீனியரையோ டாக்டரையோ கூப்பிடுங்க, வெயின்ல (சிரை ரத்தக்குழாய்) இருந்து எடுக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். கால் நீலமா, வெளிறிப் போய், ஜில்லுனே இருக்குன்னா அது சாம்பிள் பிரச்சனை இல்ல, குழந்தையைத் தான் பாக்கணும்.

## ஸ்பாட்டை சுத்தி வெளிர் வளையம் தெரியுது

காய்ஞ்ச ஸ்பாட் சீரா ஒரே நிறத்துல இருக்கணும். நடுவுல சிவப்பு, சுத்தி தண்ணி மாதிரி மஞ்சளா ஒரு வளையம் நின்னா ரத்தத்தோட வேற ஏதோ கலந்திருக்கு.

ஆல்கஹால் காயறதுக்கு முன்னாடியே குத்தினீங்களான்னு முதல்ல யோசிங்க. சில இடத்துல ஆல்கஹால், சில இடத்துல வெறும் தண்ணின்னு புரோட்டோகால் மாறும், எதுவா இருந்தாலும் தோல் முழுசா காயணும், ஊதி காய வைக்கிறது கணக்குல வராது. பொவிடோன் அயோடின் மட்டும் எந்த காரணத்துக்கும் வேண்டாம், பொறந்த குழந்தை தோல் அயோடினை உறிஞ்சிக்கும், தைராய்டு ரிசல்ட்டே குழம்பிடும்.

அடுத்து முதல் சொட்டு. அதைக் காஞ்ச பஞ்சால துடைச்சிட்டு அடுத்து தானா திரண்டு வர்ற பெரிய சொட்டைத்தான் கார்டுல வாங்கணும். அடுத்தது பிழிஞ்சது, மேல சொல்லிட்டேன். அடுத்தது நம்ம கை, லோஷன், சானிடைசர், க்ளவுஸ் பவுடர் எதுவும் அந்த வட்டத்துல படவே கூடாது, கார்டை ஓரத்துல மட்டும் பிடிங்க.

வளையம் வந்த கார்டை மேல கொஞ்சம் ரத்தம் வச்சு சரி பண்ண முடியாது. புது கார்டு, புது சாம்பிள்.

## முன்பக்கம் வட்டம் ஃபுல்லா இருக்கு, திருப்பி பாத்தா வெள்ளை

திரும்பி வர்ற கார்டுல இதைத்தான் நான் அடிக்கடி பாக்குறேன், தடுக்கறதும் இது ரொம்ப ஈசி. லேப்ல அந்த ஸ்பாட்ல இருந்து 3.2 மி.மீ. சின்ன சின்ன வட்டமா பஞ்ச் பண்ணி எடுத்துத்தான் ஒவ்வொரு டெஸ்ட்டும் பண்ணுவாங்க, அந்த குட்டி வட்டத்துல இவ்ளோ ரத்தம் இருக்கும்னு ஒரு கணக்கு வச்சுத்தான் அளவே சொல்றாங்க. பேப்பர் பாதி தான் ஊறியிருக்குன்னா அளவு கம்மியா காட்டும், ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு தடவை வச்சா ஜாஸ்தியா காட்டும். கம்மியா காட்டினா இருக்குற வியாதி தப்பிச்சு போயிடும், அதனால இதை சும்மா அழகுக்கு சொல்றாங்கன்னு நினைக்காதீங்க.

சொட்டு போதுமான அளவு பெருசா வர்றதுக்குள்ள பொறுமை இல்லாம தொட்டுட்டீங்களா? ஒரு வட்டத்துக்கு சுமார் 50 முதல் 75 மைக்ரோலிட்டர் வேணும், சொட்டு தொங்குற அளவுக்கு திரளணும். கார்டை அந்த சொட்டுல லேசா தொட்டா பேப்பர் தானா உறிஞ்சும், குதிகால்ல வச்சு அழுத்தினா ரத்தம் தேய்ஞ்சு பரவிடும். உறிஞ்ச உடனே அடிப்பக்கத்தைக் குனிஞ்சு பாருங்க, அதே சைஸ்ல சிவப்பு தெரியணும். தெரியலன்னு கார்டைத் திருப்பி பின்பக்கமும் ரத்தம் வைக்கிறவங்க இருக்காங்க, அதுவும் ரிஜெக்ட் தான். ஒரே பக்கம், ஒரு வட்டத்துக்கு ஒரு சொட்டு.

அஞ்சு வட்டமும் நிரம்பாதுன்னு தெரிஞ்சா எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வச்சு ஒப்பேத்துறதை விட மூணை முழுசா நிரப்புறது மேல். முழுசா இருக்குறதை வச்சு லேப்ல எதையாவது முன்னுரிமை குடுத்து ஓட்ட முடியும், அஞ்சு அரைகுறை ஸ்பாட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

கேபிலரி ட்யூப்ல (மெல்லிசான குழாய்) எடுத்து வைக்கிறீங்கன்னா ட்யூப் நுனி பேப்பரை கீறியிருக்கான்னு பாருங்க. வேற டெஸ்ட்டுக்கு ஈடிடிஏ (ரத்தம் உறையாம இருக்க போடுறது) ட்யூப்ல எடுத்த ரத்தத்துல மிச்சத்தை கார்டுல ஊத்துறது பெரிய தப்பு, அந்த ஈடிடிஏ சில ஹார்மோன் டெஸ்ட்டை அப்படியே மாத்தி காட்டிடும். "குழந்தையை ரெண்டு தடவை குத்த வேண்டாமேன்னு தான்" அப்படின்னு சொல்வாங்க, நல்ல எண்ணம் தான், ஆனா மூணாவது தடவை குத்த வேண்டி வரும்.

## ஸ்பாட் கறுத்துப் போச்சு, ஒட்டிக்கிச்சு, ஈரமா போயிருக்கு

எடுத்தது எல்லாம் சரி, காய வச்சதுல கோட்டை விட்டது. கார்டைப் படுக்கை வசமா, ஸ்பாட் எதுலயும் ஒட்டாத மாதிரி குறைஞ்சது 3 மணி நேரம் காய விடணும், ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்குற நாள்ல இன்னும் கொஞ்சம் கூட. வெயில்ல, ஹீட்டர் மேல, ஹேர் ட்ரையர்ல, ஸ்டெரிலைசர் பக்கத்துல எல்லாம் வேண்டாம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவும் கூடாது, ஒரு குழந்தை ரத்தம் இன்னொரு குழந்தை கார்டுல பட்டா அதை விட மோசம் ஒண்ணும் இல்ல.

சூடும் ஈரமும் சேர்ந்தா முதல்ல கெட்டுப் போறது என்சைம்கள் தான். கேலக்டோசீமியா (பால்ல இருக்குற சர்க்கரையை உடம்பால உடைக்க முடியாத வியாதி), அப்புறம் பயோட்டினிடேஸ், ஜி6பிடிங்கிற என்சைம் குறைபாடு, இந்த டெஸ்ட் எல்லாம் என்சைம் வேலை செய்யுதான்னு பாக்குறது, கார்டு வெந்துடுச்சுன்னா நல்லா இருக்குற குழந்தைக்கும் குறைன்னு வரும். அதனால மூடின ப்ளாஸ்டிக் கவர்ல அப்படியே போடாதீங்க, பேப்பர் கவர் போதும், ப்ளாஸ்டிக் தான்னா உள்ள ஈரம் உறிஞ்சுற பாக்கெட் இருக்கணும்.

அப்புறம் சேத்து வச்சு அனுப்புற பழக்கம். "பத்து கார்டு சேரட்டும், வாரக் கடைசில அனுப்பலாம்"னு ட்ராயர்ல கிடக்குற கார்டு தான் லேட் ஆன கார்டு. காய்ஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள கிளம்பிடணும், ஒரே ஒரு கார்டு இருந்தாலும். லீவு நாள் வருதுன்னா முன்கூட்டியே யார் அனுப்புவாங்கன்னு பேர் போட்டு வைங்க, "டூட்டில இருக்குறவங்க" அப்படின்னா யாருமே இல்லன்னு அர்த்தம்.

## ஸ்பாட் சூப்பர், ஆனாலும் ரிஜெக்ட்

எழுதினதை பாருங்க. கார்டு எக்ஸ்பைரி டேட் தாண்டியிருக்கா (ஆமா, பேப்பருக்கும் எக்ஸ்பைரி உண்டு). பொறந்த தேதியும் நேரமும், சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும் ரெண்டும் இருக்கா, இல்ல ஒரே தேதியை ரெண்டு கட்டத்துலயும் போட்டிருக்கா. எத்தனை வாரத்துல பொறந்தது, எடை, என்ன பால், ரத்தம் ஏத்தினாங்களா. ட்வின்ஸ்னா முதல் குழந்தையா ரெண்டாவதா. போன் நம்பர் இப்போ நிஜமாவே யாராவது எடுக்குற நம்பரா.

குழந்தை பக்கத்துல நின்னு கையில கட்டின பேண்டைப் பாத்து, அம்மாகிட்ட பேரும் தேதியும் வாயால சொல்ல சொல்லி கேட்டு அப்புறம் எழுதணும். "இது உங்க குழந்தை தானே, பேர் இதுதானேம்மா"ன்னு கேட்டா தூக்கக் கலக்கத்துல இருக்குற அம்மா எதுக்கும் ஆமான்னு தான் சொல்லும். டெஸ்க்ல உக்காந்து நாலு கார்டுக்கு மொத்தமா முன்னாடியே எழுதி வைக்கிறது டைம் மிச்சம் மாதிரி தோணும், கார்டு மாறிப் போறது அங்கதான் ஆரம்பிக்குது.

விவரம் மட்டும் தான் விட்டுப் போச்சுன்னா லேப்க்கு போன் பண்ணி கேளுங்க, சில சமயம் குத்தாமலே சரி பண்ணிடலாம். குழந்தை அடையாளமே சந்தேகம்னா பேச்சே இல்ல, திரும்ப எடுக்கணும்.

## "ரொம்ப சீக்கிரம் எடுத்துட்டீங்க"ன்னு வருது

பொறந்த உடனே குழந்தையோட டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) எகிறும், ஒரு ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கும். 17-ஓஹெச்பியும் (அட்ரீனல் சுரப்பி கோளாறைத் தேட அளக்குற ஹார்மோன்) ஆரம்பத்துல ஜாஸ்தியா தான் இருக்கும். 24 மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்தா இது ரெண்டும் பொய்யா பாசிட்டிவ் காட்டும். ஃபீனைல்கீட்டோனூரியா (ஃபீனைல்அலனின்ங்கிற அமினோ அமிலத்தை உடம்பால உடைக்க முடியாத வியாதி) அப்படியே தலைகீழ், பொறக்குற வரைக்கும் நஞ்சுக்கொடி வழியா அம்மா உடம்பு பாத்துக்கிச்சு, இப்பதான் அந்த அமிலம் ரத்தத்துல சேர ஆரம்பிக்குது, அதனால சீக்கிரம் எடுத்தா தப்பிச்சுடும்.

அதுனால பல நாட்டுல 24 மணி நேரம் தாண்டி 72 மணி நேரத்துக்குள்ள எடுக்குறாங்க, பிரிட்டன்ல அஞ்சாவது நாள், அதுவும் பொறந்த நாளை ஜீரோன்னு எண்ணி. உங்க புரோட்டோகால் எப்படி எண்ணுதுன்னு ஒரு தடவை தெளிவா பாத்துக்கோங்க, ஒரு நாள் தள்ளிப் போறது எல்லாம் இந்த எண்ணிக்கை குழப்பத்துல தான்.

24 மணி நேரத்துக்குள்ள டிஸ்சார்ஜ் கேக்குறாங்கன்னா எடுக்காம விடாதீங்க. எடுத்துட்டு, கார்டுல நேரத்தை தெளிவா போட்டு, ரெண்டாவது சாம்பிளுக்கு தேதியும் இடமும் எழுதி அம்மா கையில குடுங்க. திரும்ப வரவே மாட்டாங்கன்னா ஒண்ணுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல்.

## என்ஐசியு (பச்சக்குழந்தை தீவிர சிகிச்சை) குழந்தை, ரிசல்ட் குழப்பமா வருது

இங்க நம்ம கை சுத்தமா இருந்தும் ரிசல்ட் குழம்பும். ரத்தம் ஏத்தப் போறாங்கன்னு காதுல விழுந்த உடனே, அதுக்கு முன்னாடியே ஒரு கார்டு எடுத்துடுங்க, குழந்தை பொறந்து எத்தனை மணி நேரமா இருந்தாலும் பரவால்ல. ஏத்தின அப்புறம் எடுத்தா ரத்தம் குடுத்தவரோட ஹீமோகுளோபினும் என்சைமும் தான் கார்டுல இருக்கும், சிக்கில் செல்லும் (சிவப்பணு வளைஞ்சு போற ரத்த வியாதி) கேலக்டோசீமியாவும் மறைஞ்சு போயிடும். ஏற்கனவே ஏத்திட்டாங்கன்னா எப்போ ஏத்தினதுன்னு எழுதிட்டு, எப்போ திரும்ப எடுக்கணும்னு லேப்லயே கேளுங்க.

குறைமாசக் குழந்தைக்கு 17-ஓஹெச்பி சும்மாவே ஜாஸ்தியா இருக்கும், தைராய்டு பிரச்சனை லேட்டா தலை காட்டும், அதனால ரெண்டாவது சாம்பிள் நிறைய புரோட்டோகால்ல இருக்கு. ரத்தக்குழாய் வழியா சத்து ஏறுதுன்னா அமினோ அமிலம் எகிறும், ஏறுற லைன்லயே ரத்தம் எடுத்தா கேக்கவே வேண்டாம். டோபமைன்ங்கிற ரத்த அழுத்த மருந்து டிஎஸ்ஹெச்சை அமுக்கி காட்டும். அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி, தைராய்டு மாத்திரை, பி12 குறைவு, பிவாலிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாடிக் இது எல்லாமே குழந்தை கார்டுல எட்டிப் பாக்கும். நாம இதை அலச வேண்டாம், எழுதி அனுப்பினா போதும், ஆனா நாம கேட்டு எழுதலன்னா வேற யாரும் எழுதப் போறதில்ல.

## குத்தின இடத்துல ரத்தம் நிக்கல

பஞ்சு வச்சு அழுத்தி காலை உடம்பை விட உயரத் தூக்கி பிடிங்க. நடு நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க. பத்து நிமிஷம் விடாம அழுத்தியும் கசிஞ்சுட்டே இருந்தா டாக்டரை கூப்பிடுங்க, கூப்பிடும்போதே ரெண்டு விஷயம் கையில வச்சுக்கோங்க: வைட்டமின் கே போட்டாச்சா, குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையாத பிரச்சனை இருக்கா. ஒட்டுற ப்ளாஸ்டர் வேண்டாம், எடுக்கும்போது தோலே வந்துடும்.

## அம்மா அப்பா வேணாம்னு சொல்றாங்க

பெரும்பாலும் முதல் தடவையா கேள்விப்படுற அதிர்ச்சி தான். பிரசவம் முடிஞ்சு மூணாவது நாள் லேன்செட்டோட போய் நின்னா யாருக்குத்தான் பிடிக்கும், கர்ப்ப செக்கப்லயே சொல்லியிருக்கணும். எதுக்கு வேணாம்னு கேளுங்க முதல்ல. வலிக்குமேன்னா பால் குடுத்துட்டே எடுக்கலாம்னு சொல்லுங்க. "குழந்தை நல்லாத்தானே இருக்கு"ன்னா, "ஆமாம்மா, இப்போ நல்லா தான் இருக்கு, இந்த வியாதில சிலது வெளிய தெரியறதுக்குள்ள மூளையை பாதிச்சுடும், முன்னாடியே தெரிஞ்சா மாத்திரையிலயோ சாப்பாட்டிலயோ பாத்துக்கலாம், அதுக்குத்தான்"னு ரெண்டு வரி போதும். பயமுறுத்தாதீங்க.

அப்பவும் வேணாம்னா அது அவங்க முடிவு. எதை விளக்கினோம், எதுக்கு வேணாம்னாங்க, தேதி நேரத்தோட எழுதுங்க, குழந்தை டாக்டருக்கும் லேப்க்கும் தெரியப்படுத்துங்க, மனசு மாறினா எங்க வரணும்னு சொல்லுங்க. சும்மா "மறுத்துவிட்டனர்"னு ஒரு வார்த்தை எழுதி மூடிட்டா குழந்தை ரெஜிஸ்டர்ல இருந்தே காணாம போயிடும்.

## ரிசல்ட் வரவே இல்ல

"ஒண்ணும் சொல்லலன்னா நார்மல் தான்" அப்படிங்கிற நம்பிக்கை இந்த வேலையிலயே ஆபத்தானது. ரிசல்ட் வரலன்னா நார்மல்னு அர்த்தம் இல்ல, வரலன்னு தான் அர்த்தம்.

முதல்ல நம்ம ரெஜிஸ்டர்: எடுத்த தேதி, அனுப்பின தேதி, லேப்க்கு போய் சேந்த தேதி, ரிசல்ட், அம்மாகிட்ட சொன்னது. இந்த அஞ்சு கட்டத்துல எது காலியா இருக்கோ அங்கதான் கார்டு நிக்குது. போய் சேந்த தேதி காலின்னா லேப்க்கு இன்னைக்கே போன், வழியில தொலைஞ்சிருந்தா உடனே திரும்ப எடுக்கணும், இன்னும் ஒரு வாரம் பாப்போம்னு காத்திருக்காதீங்க. பிறவி தைராய்டு குறைபாட்டுக்கு முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும், அந்த கணக்குல ஒரு வாரம்ங்கிறது பாதி.

வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தின குழந்தை தான் அதிகமா விட்டுப் போகும். அனுப்புறவங்க "அவங்க எடுப்பாங்க"ன்னு நினைப்பாங்க, வாங்குறவங்க "அங்கயே எடுத்திருப்பாங்க"ன்னு நினைப்பாங்க. மாத்துற சீட்டுல எடுத்தாச்சு, எடுக்கல ரெண்டுல ஒண்ணை கண்டிப்பா எழுதுங்க, வாங்குறவங்க எழுதியிருக்கறதை பாக்காம குழந்தையை ஏத்துக்காதீங்க.

## பாசிட்டிவ்னு போன் வந்திருக்கு

முதல்ல பேர், தேதி, கார்டு நம்பர் திரும்ப சொல்லி சரி பாருங்க, எந்த வியாதி, என்ன அளவு, உடனே அனுப்பணுமா, ரிப்பீட் போதுமா எல்லாம் எழுதிக்கோங்க. அன்னைக்கே குடும்பத்துக்கும் டாக்டருக்கும் போன் போகணும். போன் எடுக்கலன்னா வீட்டுக்கு ஆள் போகணும், மெசேஜ் அனுப்பிட்டேன்னு விட்டுடக் கூடாது.

போன்ல முதல் கேள்வி "குழந்தை எப்படி இருக்கும்மா, பால் குடிக்குதா, வாந்தி இருக்கா, நல்லா முழிக்குதா". இதுல ஏதாவது சரியில்லன்னா எமர்ஜென்சிக்கு நேரா வர சொல்லுங்க, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அப்புறம். குறிப்பா 17-ஓஹெச்பி பாசிட்டிவ் வந்த குழந்தை முதல் சில வாரத்துல உப்பு இழந்து திடீர்னு படுத்துடும், எடை இறங்கிட்டே வாந்தி எடுத்தா மணிக்கணக்குல காத்திருக்க முடியாது.

இது ஸ்க்ரீனிங், வியாதின்னு உறுதியாகல, இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் தெரியும்னு சொல்லுங்க. அதே மூச்சுல "ஒண்ணும் இருக்காது, கவலைப்படாதீங்க"ன்னும் சொல்லிடாதீங்க, அப்புறம் வரமாட்டாங்க. பாலை நிறுத்துறதா வேணாமான்னு நாமளா முடிவு பண்ண வேண்டாம், ஆனா கேலக்டோசீமியா சந்தேகம்னா தாய்ப்பாலே பிரச்சனை ஆகிடும், அதனால டாக்டர்கிட்ட பேசுற அந்த முதல் போன்லயே பால் தொடரலாமான்னு கேட்டு, பதிலை அம்மாகிட்ட சொல்லிட்டு தான் போனை வைக்கணும்.

பார்டர்லைன், ரிப்பீட் மட்டும் போதும்னு சொன்னா தேதியை லேப் சொன்னபடியே வைங்க. நமக்கு தோதா தள்ளி வைக்க வேண்டாம். அந்த ரெண்டாவது கார்டுல "ரிப்பீட்"னும், எதுக்குன்னும், முதல் கார்டு நம்பரும் எழுதணும், இல்லன்னா லேப்ல அதை இன்னொரு புது குழந்தையா பதிஞ்சுட்டு முதல் கார்டுக்கு பதில் வரலன்னு உங்களுக்கே திரும்ப போன் பண்ணுவாங்க.